பதினோராம் நம்பரின் சூடு

நான் செய்த வேலைகளில் ஆகச் சுலபமானது அடுத்தவர் நாக்குக்கு அடியில் கண்ணாடிக் குச்சி வைப்பது. அதற்கு முன்னால் அட்டன் கடையொன்றில் அரிசி மூட்டை இறக்கினேன். நானுஓயாவிலிருந்து காய்கறி ஏற்றும் லொறியில் கிளீனராக இருந்தேன். கொட்டகலையில் ஒரு பேக்கரியில் மாவு பிசைந்தேன். எங்கேயும் ஒரு வருசத்தைத் தாண்டியதில்லை. யாரும் துரத்தவில்லை, என் கால்தான் ஓரிடத்தில் நிற்காது. படிப்பு தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. ஐந்து வகுப்பும் ஒரே கூடத்தில், ஒரே வாத்தியாரிடம். அப்பா செத்த வருசம் அதுவும் நின்றது. ஆனால் என் கையெழுத்து நன்றாக இருக்கும், இலக்கங்கள் அதைவிட நன்றாக இருக்கும்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் வட்டகொடை ஸ்டேஷனில் சும்மா நின்றேன். ரயிலிலிருந்து ஒரு அம்மா பத்துப் பன்னிரண்டு மரப்பெட்டிகளோடு இறங்கினார். தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஒரு பெட்டியைத் தலையில் ஏற்றும்போது அதில் ஒட்டியிருந்த இங்கிலீஷ் சீட்டைப் பார்த்துவிட்டு, "கண்ணாடிச் சாமானுங்களா?" என்றேன்.

"ஓம். உமக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமோ?"

"கண்ணாடின்னு மட்டும் வாசிப்பேங்க. ஒடச்சா லொறிக்காரர் அடிப்பாரு, அதனால கத்துக்கிட்டேன்."

அவர் சிரித்துவிட்டார். யாழ்ப்பாணத்துக்காரர், கொழும்பில் ஆராய்ச்சி செய்கிற டாக்டர். நாற்பது வயதிருக்கும். குடையை என் பக்கம் சாய்த்துப் பிடித்துக்கொண்டே தோட்டத்து டிஸ்பென்சரி வரை நடந்து வந்தார். அங்கே ஒரு தாளைக் கொடுத்து ஒன்றிலிருந்து நூறு வரை எழுதச் சொன்னார். எழுதினேன். "நாளைக்கு விடியவே வாரும்" என்றார். வேலை கிடைத்துவிட்டது.

என்ன ஆராய்ச்சி என்று நான் கேட்கவில்லை. அவராகவே சொன்னார். மனுசன் உடம்புக்குள் ஒரு கடிகாரம் ஓடுகிறதாம். உடம்புச் சூடு விடியற்காலையில் இறங்கி, பின்னேரம் ஏறி, மறுபடி இறங்குமாம். வெயில் அடித்தாலும் மழை பெய்தாலும் அந்த ஏற்ற இறக்கம் நிற்காதாம்.

"வயது போனால் அந்த மணிக்கூடு என்ன செய்யுது? முந்துதோ, பிந்துதோ, இல்லாட்டி சாவி இறங்கிப் போகுதோ? அதைத்தான் பார்க்கப் போறன்."

"அதுக்கு ஏங்கம்மா இந்த மலைக்கு ஏறி வந்தீங்க? கொழும்புல கெழவன் கெழவி இல்லியா?"

"கொழும்பிலை ஒருத்தர் ஒன்பதுக்குப் படுப்பார், இன்னொருத்தர் சினிமா பார்த்திட்டு ஒரு மணிக்குப் படுப்பார். இஞ்சை எல்லாரும் ஒரே தப்பு மேளச் சத்தத்துக்கு எழும்பி, ஒரே ரொட்டியைச் சாப்பிட்டு, ஒரே மலையிலை நிக்கினம். இப்பிடி ஒரு இடம் எனக்கு வேறை எங்கை கிடைக்கும்?"

எங்கள் சனத்தின் கஷ்டம் இன்னொருவருக்கு இப்படியும் உதவும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, வேலையாட்களின் பேரும் வயதும் இருக்கிற செக்ரோலைப் பார்த்து இருபத்திரண்டு பேரைப் பொறுக்கிக் கொடுத்தார். பதினொரு பேர் வயசாளிகள், பதினொரு பேர் இளசுகள். விடியற்காலை பெரட்டுக்களத்தில் வேலைக்கு ஆள் சேரும்போது ஒரு தடவை, காலைத் தேத்தண்ணிக்கு முன்னால் ஒரு தடவை, மடுவத்தில் கொழுந்து நிறுக்கும்போது பகலில் ஒன்று, பின்னேரம் ஒன்று, பொழுது சாய, வரிசை வீடுகளான லயத்தில் ஒன்று. ஒரு நாளைக்கு ஐந்து தடவை. ஒவ்வொரு தடவையும் சூடு பார்க்கிற கண்ணாடிக் குச்சி மூன்று நிமிசம் வாயில் இருக்க வேண்டும்.

மூன்று நிமிசம் பேசாமல் இருப்பது எங்கள் பெண்களுக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்பது மலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். கண்ணாலேயே சண்டை போட்டார்கள், புருவத்தாலேயே கேலி செய்தார்கள். பெண்களின் வேலையைப் பார்க்கிற கங்காணி இடுப்பில் கைவைத்து நின்று பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, போகும்போது இந்தக் குச்சிய எனக்குக் குடுத்துட்டுப் போங்க. முப்பது வருசமா நான் கத்தியும் நடக்காதது இப்பதான் நடக்குது" என்றார். ஒரு பெண் குச்சியை வெளியே எடுத்து, "மொதல்ல ஒங்க வாயில வைக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி உள்ளே வைத்துக்கொண்டாள். அவளுக்கு நான் மறுபடி மூன்று நிமிசம் எண்ண வேண்டியதாயிற்று.

முதல் நாளே டாக்டரம்மா எல்லாரையும் உட்காரவைத்துச் சொன்னார்: குச்சி வைக்க அரை மணி முன்னால் யாரும் தேத்தண்ணி குடிக்கக் கூடாது, வெற்றிலை போடக் கூடாது. "சரிங்கம்மா" என்று இருபத்திரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். எங்கள் ஆட்கள் இப்படி ஒரே குரலில் சொன்னால் அங்கேயே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் படவில்லை.

பத்து நாள் போனது. நான் எழுதிய எண்களைப் பார்த்து டாக்டரம்மா கட்டம் போட்ட தாளில் கோடு இழுத்து, டிஸ்பென்சரிச் சுவரில் ஒட்டினார். இளசுகளின் கோடு காலையில் பள்ளத்தில் இருந்து, பின்னேரம் மேடேறி இறங்கியது. வயசாளிகளின் கோடோ காலையிலிருந்தே உச்சியில் நின்றது. டாக்டரம்மா முதலில் காய்ச்சல் என்று நினைத்தார். பதினொரு பேர் விரலிலும் ஊசி குத்தி இரத்தம் பார்த்தார். காய்ச்சல் இல்லை. குச்சிகளை மாற்றிப் பார்த்தார், குச்சியிலும் பிழை இல்லை.

"வயது போனால் உடம்பு எரிக்கிறது குறையும், சூடும் குறையும் எண்டுதான் நாங்கள் படிச்சது" என்று அந்தக் கோட்டின் முன்னால் நடந்தார். "இஞ்சை தலைகீழாய் இருக்கு! இவை என்ன சாப்பிடுகினம்? மலையின்ரை உயரமோ? அந்த ரொட்டியோ?" அன்று மத்தியானம் அவரும் மாவு ரொட்டியும் சம்பலும் வரவழைத்துச் சாப்பிட்டார். காரத்தில் மூக்கு சிவந்துபோனது. சந்தோசத்திலும் சிவந்திருக்கலாம்.

அடுத்த நாள் பகல் நிறுவைக்குக் கொஞ்சம் முன்னதாகவே நான் மடுவத்துக்குப் போய்விட்டேன். மடுவத்தின் பின்பக்கம் புகை வந்தது. எட்டிப் பார்த்தால், மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டி, கரிபிடித்த கேத்தலில் தேத்தண்ணி கொதிக்கிறது. சுற்றிலும் வயசாளிகள் குந்தியிருக்கிறார்கள். கையில் சிரட்டை. நடுவில், கேத்தலைப் பிடித்து ஊற்றிக்கொண்டிருந்தவர் மூன்றாம் நம்பர் லயத்துப் பெரியம்மா.

அவரைத் தோட்டம் முழுக்கத் தெரியும். தனி ஆள். புருசன் மலைச்சரிவில் மண் சரிந்து செத்துப்போய் வருசங்கள் ஆகிவிட்டன. பிள்ளைகள் தங்கவில்லை. கொழுந்தெடுப்பதில் அவரோடு போட்டி போட இளசுகளே யோசிக்கும். செக்ரோலில் அவர் வயது ஐம்பத்திரண்டு. நான் பார்த்தவரை அறுபதுக்குக் குறையாது.

"முழுங்காத, முழுங்காத! வாயிலேயே வச்சிரு" என்று பக்கத்திலிருந்த தாத்தாவின் தோளில் தட்டினார். "நேத்து முழுங்கிட்டு ஒன் சூடு கொறஞ்சு போச்சுல்ல?"

தாத்தா வாய் நிறையக் கொதிதண்ணியோடு கண்ணீர் விட்டார்.

"பெரியம்மா, என்ன செய்றீங்க?" என்றேன்.

எல்லாரும் சிரட்டையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்கள். பெரியம்மா மட்டும் மறைக்கவில்லை. "வந்துட்டியா? ஒனக்கும் ஒரு வாய் ஊத்தவா?"

"தேத்தண்ணி குடிக்கக் கூடாதுன்னு அந்தம்மா சொன்னாங்கல்ல?"

"அவுங்க சொன்னதாலதான்டா தெரிஞ்சிச்சு" என்றார். "ஏன் குடிக்காதங்கிறாங்க? குடிச்சா சூடு நிக்கிம். சூடு நின்னா பேரு நிக்கிம். இது தெரியாதா எங்களுக்கு?"

பிறகு விவரமாகச் சொன்னார். பெயர்களைப் பொறுக்கின அன்று கணக்கப்பிள்ளை யாரிடமோ சிரித்துக்கொண்டே, "கெழட்டு மாடு எது, வேலை செய்ற மாடு எதுன்னு பாக்க ஆள் வந்திருக்கு" என்றாராம். அது லயம் லயமாகப் போய்ச் சேரும்போது வேறு உருவம் எடுத்துவிட்டது: உடம்பு குளிர்ந்தவர்களின் பேரைச் செக்ரோலிலிருந்து வெட்டப் போகிறார்கள்.

"மத்தவங்களுக்கு மகன் வீடு, மக வீடு இருக்கு. பேரு வெட்டுனா அங்க போய்ப் படுத்துக்குவாங்க. எனக்குப் பேரு இருந்தாத்தான் காம்பரா. பேரு போனா அந்தப் பத்தடி எடமும் போச்சு. அப்புறம் கப்பலேறி திருச்சிப் பக்கம் போயி, நான் மூஞ்சியே பாக்காத தம்பி மகன்கிட்ட, 'நான்தான் ஒன் அத்தை, சோறு போடு'ன்னு நிக்கணும். கையி ரெண்டும் இப்பிடி ஓடுறப்ப நான் ஏன்டா போகணும்?"

மடுவத்துக்கு வந்து குச்சி வைத்தேன். எண்களை எழுதினேன். என் அழகான கையெழுத்தில் பொய் இன்னும் அழகாக இருந்தது.

நாலு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். குச்சியில்லாமலே. சொன்னால் பெரியம்மாவின் காம்பரா போய்விடுமோ என்று பயம். சொல்லாவிட்டால் என்ன, கொழும்புக்காரர் ஏமாந்தால் நமக்கென்ன என்றும் தோன்றியது. ஐந்தாவது நாள் டாக்டரம்மா சுவரிலிருந்த தாளைக் கழற்றி ஒரு கடிதத்தோடு உறையில் போட்டார். வெளிநாட்டில் பெரிய பெரிய ஆட்கள் கூடுகிற இடத்துக்கு அனுப்பப் போகிறாராம். "எல்லாரும் என்னைப் பேய், பைத்தியம் எண்டு நினைக்கப் போகினம். நினைக்கட்டும். எண்கள் இருக்கு" என்றார். அந்த எண்களைச் சொல்லும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார். அதுதான் தாங்கவில்லை.

டிஸ்பென்சரி அடுப்பில் எனக்கு வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்து அவர் முன்னாலேயே ஒரு வாய் வைத்தேன். வெந்தது. கொஞ்சநேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு முழுங்கினேன். ஒரு குச்சியை உதறி, நாக்குக்கடியில் வைத்து, மூன்று நிமிசம் அவரைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு எடுத்து அவரிடம் நீட்டினேன்.

அவர் ஜன்னல் பக்கம் திருப்பி வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். உறையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எத்தினை பேர்?"

"பதினொரு பேருமேங்க."

"எவ்வளவு நாளாய்?"

"மொத நாள்லேர்ந்துங்க. நீங்க குடிக்காதீங்கன்னு சொன்ன நேரத்துலேர்ந்து."

அடிப்பார், இல்லையென்றால் அழுவார் என்று நினைத்தேன். அவர் முக்காலியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். "நான் உலகத்துக்கே சொல்லப் போனனே... தேத்தண்ணியின்ரை சூட்டை!" பிறகு ஏன் அப்படிச் செய்தார்கள் என்று கேட்டார். பெரியம்மா சொன்னதை அப்படியே சொன்னேன். கப்பலையும், முகம் தெரியாத தம்பி மகனையும் சொன்னேன். அப்போது அவர் சிரிக்கவில்லை.

அன்று பின்னேரமே மூன்றாம் நம்பர் லயத்துக்கு வந்தார். வாசல் கல்லில் பெரியம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். சுற்றிலும் கூட்டம்.

"சூடு குறைஞ்சால் பேர் வெட்டுவினம் எண்டு ஆர் சொன்னது?"

பெரியம்மா சொன்னார்: "யாரு சொன்னா என்னாங்கம்மா. எழுதுன தாளு தொரை கைக்குப் போகுமா, போகாதா? அதச் சொல்லுங்க."

"போகாது."

"அத நாங்க எப்பிடி நம்புறது?"

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். "நீங்களே சொல்லுங்கோ. என்ன செய்தால் நம்புவியள்?"

பெரியம்மா இதற்குக் காத்திருந்தவர் மாதிரி விரலை நீட்டினார். "பேரு எழுதக் கூடாது. வயசு எழுதக் கூடாது. இதுவரைக்கும் எழுதுனத எங்க கண்ணு முன்னால அடுப்புல போடணும்."

"வயது எழுதாமல் நான் என்னெண்டு..." என்று தொடங்கிய டாக்டரம்மா நிறுத்திக்கொண்டார். "சரி. கூடின வயது, குறைஞ்ச வயது எண்டு ரெண்டு பக்கமாய் மட்டும் எழுதுவம். ஆளுக்கு ஒரு நம்பர். எந்த நம்பர் ஆர் எண்டு தாளிலை இருக்காது." என் பக்கம் திரும்பினார். "உம்முடைய தலைக்குள்ளை இருபத்திரண்டு பேர் கொள்ளுவினமோ?"

"லொறியில எந்த மூட்டை யாரோடதுன்னு தலையிலதாங்க வச்சிருந்தேன்."

"பாருடா, நாம இப்ப மூட்டை!" என்றார் தாத்தா. இரண்டு வாரக் கணக்கும் பெரியம்மாவின் அடுப்பில் எரிந்தது. அந்த நெருப்பிலேயே தேத்தண்ணி வைத்து எல்லாருக்கும் கொடுத்தார்கள். அன்று யாருக்கும் குச்சி வைக்கவில்லை.

மறுநாளிலிருந்து எல்லாம் புதிதாக. பெரியம்மாவுக்கு வயசாளிகள் பக்கத்தில் கடைசி நம்பர் விழுந்தது, பதினொன்று. வெற்றிலை போடாமல், தேத்தண்ணி குடிக்காமல் அரை மணி இருந்தார்கள். கேத்தலைத் தேடிப் போகிறவனை இளசுகள் கூவிப் பிடித்துக்கொடுத்தார்கள். எண்கள் இறங்கின. வயசாளிகளின் கோடு தாழ்ந்து, படுத்துக்கிடந்தது. பின்னேர மேடும் பெரிதாக இல்லை. டாக்டரம்மா படித்தது சரிதான். ஆனால் ஒரு விசயம் அவரை நிறுத்தியது. பெரட்டு நேரத்தில் இளசுகளின் உடம்பு இன்னும் தூங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்திலேயே வயசாளிகளின் கோடு ஏறத் தொடங்கியிருந்தது. எல்லாரையும்விடக் குறைந்த சூடு பதினொன்றுக்குத்தான். எல்லாரையும்விட முதலில் ஏறியதும் அதேதான்.

"பாருங்கோ" என்று அந்தக் கோட்டைப் பெரியம்மாவிடமே காட்டினார். "ஊர் விடியிறதுக்கு முதல் நீங்கள் விடிஞ்சிடுறியள். இந்தப் பதினொரு பேரிலை இப்பிடித்தான் இருக்கு. மற்ற இடங்களிலை எப்பிடியெண்டு எனக்குத் தெரியாது."

"இதுக்குக் கோடு போடணுமாங்கம்மா? தப்புக்காரன எழுப்பிவிடுறதே நான்தான்" என்றார் பெரியம்மா.

பக்கத்தில் நின்ற பெண்ணொருத்தி, "அதான் பொழுது சாயிறதுக்கு முன்னாலயே கொறட்ட விடுறீங்க" என்றாள்.

"நீ பெரட்டுல நின்னுக்கிட்டே விடுற. அதுக்கு இது தேவல."

வேலை முடிகிற வாரத்தில், தோட்டத்தை நடத்துகிற பெரியதொரை டிஸ்பென்சரிக்கு வந்தார். டாக்டரம்மாவோடு இங்கிலீஷில் பேசினார். எனக்கு அங்கொன்றும் இங்கொன்றுமாக விளங்கியது. உடம்பு தளர்ந்த வயதானவர்களின் பட்டியல் ஒன்று தனக்கும் வேண்டும், தோட்டத்தில் ஆள் குறைக்கிற யோசனை இருக்கிறது என்பது மட்டும் நன்றாக விளங்கியது. அப்படியென்றால் லயத்துக் கதையில் நெருப்பில்லாமல் புகையவில்லை. டாக்டரம்மா தாளை எடுத்துக் கொடுத்தார். தொரை மேலும் கீழும் பார்த்தார். வெறும் நம்பர்கள். ஆகக் கீழே இருந்த கோட்டில் விரலை வைத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் ஏதோ கேட்டார். அவர் தோளைக் குலுக்கி என் பக்கம் கையைக் காட்டினார்.

தொரை தமிழில் கேட்டார்: "இந்தப் பதினொண்ணு யாரு?"

ஜன்னலுக்கு வெளியே, மருந்துக்கு வந்தவர் மாதிரி, பதினொன்று கூடையோடு நின்றுகொண்டிருந்தது.

"தெரியாதுங்க தொரை."

"நீதானே எழுதினது?"

"நம்பர் எழுதத்தான் சொன்னாங்க. ஆளு மூஞ்சிய நான் பாக்கலிங்க. நாக்கத்தான் பாத்தேன்."

டாக்டரம்மா குனிந்து ஒரு பெட்டியில் எதையோ தேடினார். முதுகு குலுங்கியது. தொரை தாளை மேசையில் போட்டார். அவர் முட்டாள் இல்லை. இந்தத் தோட்டத்துச் செக்ரோலில் பேர் இல்லாத ஆள் நாளைக்கு மேல் இங்கே தங்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது தண்டனையாகத் தெரியவில்லை. கால் ஏற்கெனவே அரித்துக்கொண்டிருந்தது. அங்கே மூன்று மாதம் முடிந்திருந்தது.

வட்டகொடை ஸ்டேஷனில் பெட்டிகளை ஏற்றியபின் டாக்டரம்மா ஒரு குச்சியை அதன் கூட்டோடு என் சட்டைப் பையில் செருகினார். "தேத்தண்ணி குடிச்சிட்டு வைக்காதையும்" என்றார். அதற்குப் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

இரண்டு வருசமோ மூன்று வருசமோ கழித்து, உர லொறி ஒன்றில் அதே தோட்டத்துக்குப் போனேன். பகல் நிறுவை நேரம். மடுவத்து வரிசையில் கறுப்புக் கம்பளிக்குள்ளிருந்து ஒரு குரல்: "ஏன்டா, நாக்குப் பாக்குறவனே!"

பெரியம்மாதான். கூடை நிரம்பியிருந்தது. ஆள் குறைப்பில் சிலர் போயிருந்தார்கள், செக்ரோல் வயதைப் பார்த்துத்தான். அதில் இவர் இன்னும் ஐம்பத்துச் சொச்சம்.

"அந்தக் குச்சி இருக்கா?"

பையில் பேனாவோடு பேனாவாக இருந்தது. உதறி வைத்தேன். மூன்று நிமிசம் கண்ணை மூடிக்கொண்டு, மூச்சுவிடுவது தவிர ஒன்றும் செய்யாமல் நின்றார். கங்காணி ஓடிவந்து, "தம்பி, ஒரு பெட்டி நெறைய கொண்டாந்திருக்கியா?" என்றார். வரிசையே சிரித்தது. பெரியம்மா சிரிக்கவில்லை. நான் குச்சியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்ததும் கண்ணைத் திறந்து என் முகத்தையே பார்த்தார்.

"எவ்வளவுடா? தேத்தண்ணி குடிக்கல, சத்தியமா."

குறைவுதான். முன்பைவிடக் குறைவு.

"பேரு வெட்டுற அளவுக்கு இல்ல, பெரியம்மா" என்றேன்.

"அதான் எனக்கே தெரியுமே" என்று கூடையைத் தராசில் ஏற்றினார்.